வாலுக்குப் பின்னால்

கடைசி ஆளாக வந்த அவள் இரும்புக் கேட்டை இழுத்து மூடினாள். கொண்டியை மாட்டி, சரியாக விழுந்ததா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். பாதை ஒரு முள் புதரைச் சுற்றி வளைந்து, முன்னால் போகிறவர்களின் பேச்சும் சிரிப்பும் மறுபடி காதில் விழத் தொடங்கியபோது, பின்னால் அதே கேட்டு திறந்து மூடும் சத்தம் கேட்டது. முதலில் கீலின் நீண்ட முனகல். பிறகு இரும்பில் இரும்பு மோதும் ஒலி. பிறகு, கொண்டி சரியாக விழுந்ததா என்று யாரோ பார்ப்பதுபோல, இரண்டு சின்ன ஆட்டல்.

அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

காலையிலிருந்தே எல்லாம் அப்படித்தான். பஸ் தாமதமாக வந்தது. வந்த பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. இறங்கிய இடத்தில் டீக்கடை பூட்டிக் கிடந்தது. "சமதரைம்மா, தவழ்ற குழந்தைகூட நடந்துடும்" என்று சொல்லி அழைத்துவந்த பாதை, மேய்ச்சல் நிலத்தின் சரிவில் ஏறியும் இறங்கியும் முழங்கால் வலிக்க வைத்தது. தூறல் நிற்கவும் இல்லை, மழையாகவும் இல்லை. இப்போது, கடைசி ஆளுக்குப் பின்னால் இன்னோர் ஆள்.

அந்த நடைக் குழுவில் கார் வைத்திருப்பவர்கள் குறைவு. இருப்பவர்களும் காரை எடுத்து வரக் கூடாது. "கார்ல போனா விட்ட இடத்துக்கே திரும்பி வரணும். பஸ்ல போனா ஒரு ஊர்ல இறங்கி நடந்து, இன்னொரு ஊர்ல ஏறிக்கலாம். நடந்த வழியில மறுபடி நடக்கறவன் செக்குமாடு" என்பது குழுவை நடத்துகிறவரின் கட்சி. அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் விசில் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவரவர் வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் ஏறிக்கொள்வார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. அவர் தலைகளை எண்ணுவதும் இல்லை. எண்ணுவதற்குப் பதிலாகத்தான் வால்.

முன்னால் விசில் அண்ணன். கடைசியில் வால். வாலுக்குக் கை இல்லாத ஆரஞ்சு நிறக் கோட்டு ஒன்று உண்டு. மார்பிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டைகள், பையில் நூலில் கட்டிய ஒரு விசில். மாடுகள் தப்பிவிடாமல் வழியில் இருக்கும் கேட்டுகளை எல்லாம் மூடிவிட்டு வருவது வாலின் வேலை. முன்னாலிருந்து ஒரு நீண்ட விசில் வந்தால், வாலும் ஒரு நீண்ட விசில் கொடுக்க வேண்டும். எனக்குப் பின்னால் யாரும் இல்லை, நான்தான் கடைசி என்று அதற்குப் பொருள். ஏதாவது அவசரம் வந்து வால் முன்னால் போக வேண்டியிருந்தால், கோட்டைக் கழற்றி ஒரு கேட்டில் மாட்டிவிட்டுப் போகலாம். அதற்குப் பிறகு வருகிறவர் அதைப் போட்டுக்கொள்வார். கோட்டு வந்து சேர்ந்துவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று.

இன்று வாலாக வர அவள் விரும்பவில்லை. முதன்முறையாக அப்பாவை அழைத்து வந்திருந்தாள். அவர் வாழ்நாள் எல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். சமீபத்தில்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், மூச்சிரைக்க நடக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் டிவி முன்னால் கல்லாகச் சமைந்துவிட்ட மனிதரைக் கெஞ்சிக் கூத்தாடி எழுப்பிக் கொண்டுவந்தது அவள்தான். இருட்டும் நேரத்தில் வரும் கடைசி பஸ்ஸில் அவரைப் பத்திரமாக ஏற்றிவிட வேண்டும். அந்த பஸ்ஸை விட்டால் காலைவரை வேறு இல்லை. அதைப் பிடிக்க அவர் ஓடவும் கூடாது.

"அண்ணே, இன்னைக்கு வேற யாராவது வாலா இருக்கட்டுமே. அப்பாகூட நடக்கணும்."

"உன்ன மாதிரி பொறுமையான வால் யாரும்மா இருக்கா? அப்பாவ நான் பாத்துக்கறேன். போ, போ."

பொறுமை என்று அவர் சொன்னது அவளுடைய வாயில்லாமையை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். நாள் முழுக்கப் புட்டிகளோடு இருப்பவளுக்கு மறுத்துப் பேசும் பழக்கம் குறைவு. கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.

புதரின் ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கேட்டு தெரியவில்லை.

"யாருங்க? குழுவோட வந்தவங்களா?"

"இதோ..." என்றது ஒரு குரல். நடுவில் ஒரு மூச்சு. "வந்துட்டேன்."

வயதான குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத அளவுக்கு இரைப்பில் தேய்ந்திருந்தது. அதன் பின்னால் சேற்றில் செருப்பு பதிந்து எழும் சத்தம், சதக், சதக் என்று, அவசரம் இல்லாமல், ஆனால் விடாமல் வந்தது. அவள் நின்றாள். ஈரப் புல்லின் வாடையும் சாணத்தின் வாடையும் காற்றில் இருந்தன. தொலைவில் ஒரு மாடு கத்தி அடங்கியது. சதக், சதக். இவ்வளவு நேரத்துக்கு ஆள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். முன்னாலிருந்து விசில் வந்தது. பின்னால் ஆள் இருக்கும்போது பதில் கொடுக்க முடியாது. மறுபடி விசில், இந்த முறை கோபத்தோடு.

"சீக்கிரம் வாங்களேன்!" என்று கத்திவிட்டாள். கத்தியது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இதோ... வந்துட்டேன்."

சதக், சதக். வந்துகொண்டே இருந்தது. யாரும் வந்து சேரவில்லை.

அவள் திரும்பி வேகமாக நடந்தாள். குழு ஓடைக்கரையில் காத்திருந்தது. விசில் அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எங்கம்மா போன? விசிலுக்குப் பதிலே காணோம். பஸ் நமக்காகக் காத்துட்டு இருக்குமா?"

"பின்னாடி ஒருத்தர் வர்றாங்க அண்ணே."

"யாரு?"

"தெரியல. கண்ணுல படல. வயசானவங்க குரல்."

அவளுக்குள் ஓர் ஆசை இருந்தது, யாராவது 'பின்னாடி யாரு இருக்கா, உனக்குத்தான் பிரமை' என்று சொல்லிவிட மாட்டார்களா என்று. அப்படி யாரும் சொல்லவில்லை. குழுவில் பல் டாக்டராக இருக்கும் அக்கா உடனே நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"காலைல முன் சீட்ல சால்வை போத்திட்டு ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களே! நம்மகூட இறங்கியிருப்பாங்க. பாவம், அந்த வீங்கின காலோட எப்படி ஏறி வந்தாங்களோ."

"அவங்கள விட்டுட்டு நீ மட்டும் வந்தியா?" என்றார் விசில் அண்ணன். "அதுக்குத்தானேம்மா வாலு? வாலு முன்னாடி வந்துட்டா அது வாலா, தும்பிக்கையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்பாவைத் தேடினாள். ஒரு பாறையில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார், அந்தக் குளிரில்.

"மூச்சு வாங்குதாப்பா?"

"மூச்சு வாங்கலன்னாதான் கவலப்படணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன பாப்பா நீ, வயசானவங்கள அம்போன்னு விட்டுட்டு வரலாமா? போய்க் கூட்டிட்டு வா. உங்க ஆளு ஊதுற ஊதுக்கு எனக்குக் கையெல்லாம் பரபரங்குது. ஒரு விசில் அடிச்சா நில்லு, ரெண்டு அடிச்சா போ. இது எங்க டிப்போ சட்டம். இங்க ஒரு விசிலுக்கே எல்லாரும் ஓடறாங்க, அநியாயம்."

அவர் உதடு வெளுத்திருந்தது. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

"அப்பா, நீங்க வேகமா நடக்காதீங்க. நான் வந்துடறேன்."

"நாங்க மெதுவாத்தான் போவோம்" என்றார் விசில் அண்ணன். சொல்லிவிட்டு ஓடைக் கற்களில் தாவித் தாவிப் போனார். மற்றவர்களும் தாவினார்கள். அப்பா ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்துக் கடப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் பின்னோக்கி நடந்தாள். அவளுக்கு வந்தது அழுகை இல்லை. கோபம். எல்லோருக்கும் அந்த முகம் தெரியாத கிழவி மேல் கரிசனம். கண் முன்னால் வெளுத்துப்போய் நடக்கும் மனிதர் மேல் ஒருவருக்கும் இல்லை. அவருக்கேகூட இல்லை.

ஓடையிலிருந்து புதர்வரை பாதை நேராகப் போகும். இருபுறமும் வேலி. ஒதுங்க இடமே கிடையாது. பனி சற்று விலகியிருந்ததால் முழுவதும் தெரிந்தது. யாரும் இல்லை.

"அம்மா?" என்று கூப்பிட்டாள். "எங்க இருக்கீங்க?"

பதில் இல்லை. செருப்புச் சத்தமும் இல்லை. கொஞ்ச தூரம் நடந்தாள். அந்தக் கிழவி திரும்பிப் போய்விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி குற்றமாகவும் இருந்தது. காலடித் தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கக் குனிந்தாள்.

சேற்றில் குழுவின் தடங்கள் எல்லாம் ஓடையைப் பார்த்துப் போயிருந்தன. அவற்றின் மேல், எல்லாவற்றுக்கும் கடைசியாக, அவளுடைய தடம். அவள் காலணியின் அடியில் தேன்கூடு மாதிரிக் கோடுகள் உண்டு, அதனால் அடையாளம் தெரிந்தது. ஆனால் தேவைக்கு மேல் ஆழமாக இருந்தது. மற்றவர்களின் தடம் ஒரு விரல் ஆழம் என்றால் அவளுடையது ஒரு சாண். ஒவ்வொன்றும் அப்படித்தான். அவள் குழுவிலேயே ஒல்லியானவள். யாரோ அவளுடைய தடத்துக்குள்ளேயே, விளிம்பு சிதையாமல், கால் பொருத்திப் பொருத்தி நடந்து வந்திருக்கிறார்கள். அடிக்கோடுகள்கூட மாறவில்லை. ஆழம் மட்டும் கூடியிருந்தது, நிறையப் பேரின் பாரத்தை ஒரே கால் சுமந்ததுபோல.

அவள் அந்த ஆழமான தடங்களைக் கண்ணால் தொடர்ந்தாள். புதரிலிருந்து வந்தன. பாதையின் பாதிவரை வந்தன. அதற்கு மேல் ஓடைவரை அவளுடைய தடம் மறுபடி லேசாக, ஒரு விரல் ஆழத்தில்.

கடைசி ஆழமான தடம் அவளுடைய இடது காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அதில் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

வாடை வந்தது. பரிசோதனைக் கூடத்தில் சில சமயம் ஆற்று நீர் எடுத்த புட்டி ஒன்று அலமாரிக்குப் பின்னால் மறந்துபோய்க் கிடக்கும். வெகு நாள் கழித்து மூடியைத் திறந்தால் முகத்தில் அறையும் வாடை அது. அழுகிய முட்டை, இலை, இரும்பு.

"இதோ" என்றது குரல், அவளுடைய முழங்கால் உயரத்திலிருந்து. நடுவில் அதே மூச்சு. "வந்துட்டேன்."

எப்படி ஓடையைக் கடந்தாள் என்று தெரியவில்லை. ஒரு கால் தண்ணீருக்குள் போயிருந்தது, காலணிக்குள் நீர் சளசளத்தது. அந்தப் பக்கம் மரங்கள் தொடங்கின. நெருக்கமான மரங்கள், கிளைகள் பாதைக்கு மேல் பின்னிக்கொண்டு, பகல் முடிவதற்கு முன்பே உள்ளே இருட்டு வந்து உட்கார்ந்திருந்தது. காட்டின் முதல் கேட்டை மூடினாள். ஆட்டிப் பார்க்கவில்லை. ஓடாமல் நடந்தாள். ஓடினால் அது தன்னைக் கவனித்துவிடும் என்று தோன்றியது, இதுவரை கவனிக்காததுபோல.

பின்னால் கீல் முனகியது. இரும்பு மோதியது. இரண்டு ஆட்டல்.

அவள்தான் ஆட்டவில்லையே.

முன்னாலிருந்து விசில். எங்கோ தூரத்தில். மெதுவாகப் போகிறார்களாம். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பதில் கொடுத்துவிடலாம். எனக்குப் பின்னால் யாரும் இல்லை, நான்தான் கடைசி. பொய்தான். பொய்யாவது சொல்லி அவர்களைப் பஸ்ஸை நோக்கி அனுப்பிவிடலாம், அப்பாவையும். பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினாள்.

ஊதி முடித்ததும் பின்னால் ஒரு சத்தம். நீளமாக. விசில் இல்லை. விசில் இல்லாத வாய், உதட்டைக் குவித்து, காற்றை மட்டும் ஊதியது. அவள் ஊதிய அதே நீளத்துக்கு.

திரும்பவில்லை. திரும்பக் கூடாது. இலைகள் சொட்டின. சட்டைக்குள் வேர்வை சில்லிட்டது. சதக். சதக். இப்போது பின்னாலும் ஒரு காலணிக்குள் நீர் சளசளத்தது. ஒரு காலில் மட்டும்.

இரண்டாவது கேட்டு. மூடினாள். நடந்தாள். கீல். இரும்பு.

கடைசிக் கேட்டு காட்டின் விளிம்பில் இருந்தது. அதற்கு அப்பால் சரிவான புல்வெளி, அடியில் தார்ச்சாலை. சாலையில் பஸ். வந்து நின்றிருந்தது! ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். குழு சரிவில் சிதறி ஓடிக்கொண்டிருந்தது. விசில் அண்ணன் கையை ஆட்டி ஆட்டி ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினார். பல் டாக்டர் அக்காவும் ஓடினாள். நடுச்சரிவில், தனியாக, அப்பா.

குனிந்து நின்றார். ஒரு கை முழங்காலில். இன்னொரு கை மார்பில்.

அவள் கேட்டைக் கடந்து வந்து மூடினாள். வால் கேட்டிலேயே நிற்க வேண்டும், பின்னால் ஆள் இருக்கும்போது. கோட்டைப் போட்டிருப்பவர் நகரக் கூடாது. அந்த நேரத்தில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளின் பழக்கம் கைகளில் இருந்தது, கைகளே கோட்டைக் கழற்றின, கைகளே கேட்டின் முனையில் மாட்டின. விசில் கோட்டின் பையில்தான் இருந்தது. வழக்கம் என்னவோ அதைச் செய்துவிட்டாள். இனி அவள் வால் இல்லை.

ஓடினாள்.

"அப்பா!"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இவங்க ஓடினதப் பாத்து நானும் ஓடிட்டேன். பஸ்ஸப் பாத்து நான் ஓடினதே இல்ல பாப்பா, எப்பவும் உள்ளதான் இருந்திருக்கேன்."

தோளில் அவர் கையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஒவ்வோர் அடியாக. பின்னால் பார்க்கவில்லை. டீசல் வாடை வந்தது. படி. கம்பி. சூடான காற்று, ஈரத் துணிகளின் ஆவி, யாரோ உரித்த ஆரஞ்சுப் பழத்தின் மணம். முன் சீட்டில் அப்பாவை உட்கார வைத்தாள். அவர் முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான். முடிந்தது.

"கோட்டு எங்கம்மா?" என்றார் விசில் அண்ணன்.

"கேட்டுல மாட்டிட்டேன்."

"அப்ப அந்த அம்மா?"

"அண்ணே, போயிடலாம்."

"என்ன பேச்சு இது? கோட்டு வராம எப்படிப் போறது?"

"அங்க யாரும் இல்ல அண்ணே. நான் பாத்தேன். பாதை காலியா இருந்துச்சு."

"நீதானேம்மா ஆள் வருதுன்ன?" பல் டாக்டர் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வயசானவங்கள இந்த இருட்டுல, இந்தக் குளிர்ல விட்டுட்டுப் போலாம்ங்கறியா?"

"அது ஆள் இல்லக்கா."

 எல்லோர் கண்ணும் அவள் மேல். அவளுக்குக் காது சுட்டது. இவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை. தடத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். எங்கிருந்து தொடங்குவது? ஆழத்திலிருந்தா?

"அலுப்பு" என்றாள் அக்கா மற்றவர்களிடம், அவள் அங்கே இல்லாததுபோல. "பாவம், காலைலருந்து கடைசிலயே நடந்திருக்கா."

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "எடுக்கலாமா? நேரமாச்சு."

"எடுங்க!" என்றாள்.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றார் அப்பா. "ஒரு ஆளு பாக்கி."

"பெரியவரே, எனக்கும் வீடு இருக்கு."

"நானும் இந்த வேலை பாத்தவன்தான் தம்பி. கடைசி வண்டில ஒரு ஆள விட்டுட்டு வந்தா அன்னைக்குத் தூக்கம் பிடிக்காது. படுத்தா அந்த ஆளு ரோட்டுலயே நிக்கற மாதிரி இருக்கும்."

ஓட்டுநர் பெருமூச்சு விட்டார். முன் விளக்குகளை ஏற்றினார். பஸ் சாலையின் வளைவில் நின்றிருந்ததால் வெளிச்சம் புல்வெளியின் மேல் விழுந்தது. விசில் அண்ணன் ஜன்னலைத் தள்ளி, தலையை வெளியே நீட்டி, ஒரு நீண்ட விசில் கொடுத்தார்.

மேலேயிருந்து பதில் வந்தது. ஒரு நீண்ட விசில்.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை. நான்தான் கடைசி.

"கேட்டுச்சா!" என்று அவர் அவளைப் பார்த்தார். "அங்க யாரும் இல்லையாம்ல."

சரிவின் உச்சியில் மினுங்கும் பட்டைகள் தெரிந்தன. எல்லோரும் அந்தப் பக்க ஜன்னல்களில் குவிந்தார்கள்.

"அதோ வர்றாங்க!"

"குனிஞ்சு வர்றாங்க பாரு. முதுகு வலியோ என்னவோ."

பட்டைகள் ஆள் உயரத்தில் இருந்தன. பிறகு புல்லோடு புல்லாக இருந்தன. பிறகு ஆள் உயரத்துக்கு மேல். திறந்த வாசல் வழியாக அவளுக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. சதக். சதக். மெதுவாக, அவசரமே இல்லாமல். ஆனால் கோட்டு மெதுவாக வரவில்லை. ஒரு சதக்குக்கும் அடுத்த சதக்குக்கும் நடுவே பாதிச் சரிவைக் கடந்திருந்தது.

"பாவம், நம்மளக் காக்க வைக்கறோமேன்னு ஓடி வர்றாங்க" என்றாள் அக்கா.

"கதவ மூடுங்க" என்றாள் அவள். குரல் வரவில்லை. மறுபடி சொன்னாள். "கதவ மூடுங்க. ஐயா, தயவுசெஞ்சு."

யாரும் திரும்பவில்லை.

கோட்டு வெளிச்சத்தைத் தாண்டியது. பஸ்ஸின் வாசல் பக்கம் வந்தது, விளக்கு எட்டாத பக்கம். பட்டைகள் அணைந்தன. வாடை உள்ளே வந்தது. அப்போதுதான் பார்த்தாள், முன் சீட்டு காலியாக இருந்தது.

அப்பா படியில் நின்றிருந்தார். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வெளியே இருட்டில் நீட்டியிருந்தார்.

"வாங்க, வாங்க. அவசரமே இல்ல. கையக் குடுங்க."

"அப்பா!"

"இதோ..."

ஒரு மூச்சு.

"வந்துட்டேன்."

அப்பாவின் கை எதையோ பிடித்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது, வெயிலிலும் மழையிலும் ஓடி வந்து ஏறியவர்களுக்கெல்லாம் அவர் கொடுத்த சிரிப்பு. குனிந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மற்றதெல்லாம் முகத்திலிருந்து போய்விட்டது.

அவள் பாய்ந்தாள். அவருடைய தோளைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். நீட்டிய கை திரும்பி வரவில்லை. முழங்கைவரை வெளியே இருந்தது, இப்போது தோள்வரை.

"கைய விடுங்கப்பா! விடுங்க!"

"நான் எப்பவோ விட்டுட்டேன் பாப்பா" என்றார் அவர், மிக மெதுவாக.

படியில் பாரம் ஏறியது. பஸ் வாசல் பக்கம் சாய்ந்தது, ஓர் ஆள் ஏறினால் சாய்கிற அளவு.

"வந்துட்டாங்கப்பா!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். விசில் அண்ணன் கை தட்டினார். அக்காவும் தட்டினாள். பிறகு எல்லோரும்.

பஸ் இன்னும் சாய்ந்தது. இன்னோர் ஆள் ஏறினால் சாய்கிற அளவு. பிறகு இன்னோர் ஆள். மேல் தட்டில் இருந்த பைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து வாசல் பக்கம் உருண்டன. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. படியில் ஒரே ஓர் ஆரஞ்சுக் கோட்டுதான் இருந்தது. அப்பாவின் தோள் அவள் பிடியிலிருந்து நழுவியது. பஸ் சாய்ந்துகொண்டே இருந்தது.